பி.சி.எக்ஸ். கோப்பில் அம்மா

செத்துப்போன என் அம்மாவுக்கு அந்த ஸ்ரூடியோக்காரன் வேறு யாரோ ஒரு பெண்ணின் உடம்பைப் பொருத்தி வைத்திருந்தான். கழுத்து வரைக்கும் அம்மா. கழுத்துக்குக் கீழே மினுங்குகிற பட்டுச்சேலை, கல்லு அட்டியல், கை நிறையக் காப்பு. பின்னால் மலையும் அருவியும். எங்கள் குடாநாட்டில் ஏறி நின்று பார்க்க ஒரு குன்று கிடையாது. தோட்டத்தில் வெங்காயத் தறைக்குள் குனிந்தபடியே முதுகு கூனிப்போன மனுசியை அருவிக்கரையில் கொண்டுபோய் நிமிர்த்தி வைத்திருந்தான். பார்த்தவுடன் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டில் கிருத்தியம் நடக்கும். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போகும்போது கையில் ஒரு புத்தகமும் கொடுத்து அனுப்புவோம். கல்வெட்டு என்று பெயர். உள்ளே தேவாரம், பரம்பரை விபரம், செத்தவரைப் புகழும் பாட்டுகள் எல்லாம் இருக்கும். அவற்றை ஒருவரும் வாசிப்பதில்லை. முதல் பக்கத்தில் இருக்கும் படத்தை மட்டும் எல்லோரும் பார்ப்பார்கள். பிறகு அந்தப் புத்தகம் ஊரில் உள்ள அத்தனை வீட்டு அலுமாரிக்குள்ளும் கிடக்கும். இன்னும் கொஞ்சக் காலத்தில் அம்மாவைத் தெரிந்தவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள், அந்தப் படம்தான் மிஞ்சும். அதில் இருக்க வேண்டியது அம்மாவின் முகம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுக்கே பெரிய பாடாகப் போய்விட்டது. அப்பா செத்தபிறகு அம்மா கமராவுக்கு முன்னால் நின்றதே இல்லை. கலியாண வீடுகளில் குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டால் குசினிக்குள், அடுப்படியில் போய் நின்றுவிடுவார். பழைய அல்பங்கள் எல்லாம் நாங்கள் இடம்பெயர்ந்து ஓடியபோது விட்ட இடத்திலேயே போயின. மிச்சம் இருந்தது கட்டாயத்துக்கு எடுத்த அடையாள அட்டைப் படம். அதில் அம்மா பொலிஸ் பிடித்துக்கொண்டு வந்த ஆளைப்போல முழித்துக்கொண்டிருக்கிறார். அதைப் போடுவதைவிடப் படமே இல்லாமல் விடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணை ஊரைவிட்டுப் போகும்போது ஒரே ஒரு கலர்ப் படத்தைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தார். அப்பா உயிரோடு இருந்த காலத்து அம்மா. அந்தப் படம் பிறகு அவருடைய வீட்டு நிலக்கீழ் அறைக்குள் வெள்ளம் வந்தபோது ஊறிக் கரைந்துவிட்டது. நல்லகாலம், அதற்கு முன்பே தான் வேலை செய்த இடத்துக் கொம்பியூட்டரில் அதை ஸ்கான் பண்ணி ஒரு பிளொப்பியில் போட்டு வைத்திருந்தார். பிளொப்பியிலிருந்து சீடிக்கும், சீடியிலிருந்து ஒரு கொம்பியூட்டருக்கும், அதிலிருந்து இன்னொன்றுக்கும் அந்தக் கோப்பு குடிபெயர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. செத்தவீடு முடிந்த கிழமை அதைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பினார்.

"அனுப்பிப் போட்டன். உங்கை ஸ்ரூடியோவிலை குடுத்தால் எச்.டி. ஆக்கி வடிவாத் தருவினம்" என்றார் போனில்.

"நீங்கள் திறந்து பாத்தனீங்களோ அண்ணை?"

"இஞ்சை திறக்குதில்லைப் பிள்ளை. அது பழைய சாமானெல்லே. அப்ப செய்து வைச்சதுதான், பேந்து திறக்கேல்லை."

இத்தனை வருசம் தாயின் படத்தைக் காவிக்கொண்டு திரிந்திருக்கிறார், ஒருநாள் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டேன். முப்பத்தோராம் நாளுக்கு முன்னால் கூடப்பிறந்தவரோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று ஒரு நினைப்பு.

கோப்பின் பெயர் 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. பின்னால் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் பி.சி.எக்ஸ். கொம்பியூட்டர்கள் குழந்தையாய் இருந்த காலத்துப் பட வடிவம் அது. என் போன் அதைத் திறக்கமாட்டேன் என்றது. லப்டொப் எதைக்கொண்டு திறக்க என்று என்னையே திருப்பிக் கேட்டது. பெயரின் வாலை வெட்டிப் புது வால் ஒட்டிப் பார்த்தேன். அதற்கும் மசியவில்லை. கணக்குப் படிப்பிக்கிற எனக்கு இதைக்கூடச் செய்யத் தெரியவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

இணையத்தில் தேடினால் மாற்றித் தருகிறோம் என்று கடை விரித்தவர்கள் எக்கச்சக்கம். ஒன்றைத் தட்டினேன். உன் கொம்பியூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று ஒரு பெட்டி கத்தியது. அதை மூடினால் தொப்பை குறைக்கும் தூள். அதையும் மூடினால் என்னோடு கதைக்க ஆசைப்படும் வெள்ளைக்காரப் பெட்டைகள். இவ்வளவு அசிங்கத்துக்கும் நடுவில், உன் படத்தை இங்கே போடு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் அம்மாவைப் போட எனக்கு மனம் வரவில்லை. மூடிவிட்டு எழும்பிக் கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியாது, கழுவவேண்டும் போல இருந்தது.

அதனால்தான் மருதனார்மடம் சந்தியில் இருக்கிற அந்த ஸ்ரூடியோவுக்குப் போனேன். ஊரில் பாதிச் செத்தவீட்டுப் படம் அங்கேதான் செய்கிறார்கள். சுவர் நிறையச் செத்தவர்கள் தொங்கினார்கள். எல்லோரும் ஒரே வெள்ளை, ஒரே மினுமினுப்பு. ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே கோட். ஸ்ரூடியோக்காரனுக்கு என்னைவிட வயது குறைவு, மரியாதையாகத்தான் கதைத்தான். கோப்பை வாங்கிக் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, அம்மான்ரை அவர் இருக்கிறாரோ?"

"இல்லைத் தம்பி. நான் சின்னனாய் இருக்கேக்கையே அப்பா போயிட்டார். ஏன் கேக்கிறியள்?"

"இல்லை, வேலைக்குத் தேவை" என்றான். எதையோ தட்டினான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கல்வெட்டில் பெயருக்கு முன்னால் ஏதாவது போடவேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் தயார் என்று கூப்பிட்டபோது போய்ப் பார்த்ததுதான் அந்தப் பட்டுச்சேலையும் அருவியும். கழுத்துக்குக் கீழே விரலை வைத்தேன்.

"இது ஆரின்ரை உடம்பு தம்பி?"

"அது எங்களிட்டை ரெடியாய்க் கிடக்கிறது அக்கா. அம்மான்ரை உடம்பு சரியாய் வரேல்லை. பழைய கோப்பெல்லே. இணையத்திலை போட்டு மாத்தினனான், கறுப்பு வெள்ளையாத்தான் வந்தது. அதுவும் கழுத்துக்குக் குறுக்காலை அந்தத் தளத்துக்காரர் தங்கடை பேரை அடிச்சு விட்டிட்டாங்கள். கலரெல்லாம் நான் போட்டது."

இணையத்தில் மாற்றி முதலில் வந்த படத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினான். இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். முகமெல்லாம் சாம்பல் திட்டுத் திட்டாய், தேமல் படர்ந்தது மாதிரி. கறுப்பாய் இருக்கவேண்டியது வெள்ளையாய், வெள்ளையாய் இருக்கவேண்டியது கறுப்பாய். அம்மாவை அம்மா என்று எனக்கே ஊகித்து மட்டுக்கட்டத்தான் முடிந்தது. மற்றப் பெண் யாரென்று விளங்கவே இல்லை. இரண்டு பேர் நெற்றியிலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி.

"மற்ற ஆளை வெட்டிப்போட்டன். ஆரெண்டு தெரியேல்லை, உயிரோடை இருந்தால் கல்வெட்டிலை போடக்கூடாதெல்லோ. நெத்தியிலை தூசி மாதிரி ஒண்டு கிடந்தது, அதையும் எடுத்திட்டன்."

"அது தூசி இல்லை. பொட்டு."

அவன் கொஞ்சமும் அசையவில்லை. "பொட்டெண்டாலும் எடுக்கத்தானே அக்கா வேணும். அவர் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அப்போதுதான் அந்தக் கேள்வி விளங்கியது. புருசன் இருந்தால் பொட்டு வைப்பான், இல்லாவிட்டால் எடுப்பான். இதுதான் அந்தக் கடையின் முதல் வேலை. முன்னொருமுறை கேளாமல் விட்டு, புத்தகம் எல்லாம் அடித்த பிறகு செத்தவரின் உரித்துக்காரர் சண்டைக்கு வந்தார்களாம். அன்றிலிருந்து முதலில் கேட்டுவிடுகிறானாம். அதைப் பெருமையாகவே சொன்னான்.

அப்பாவின் செத்தவீடு எனக்கு முழுதாக ஞாபகம் இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. சவம் போன பிறகு, சொந்தக்காரப் பெண்கள் சிலர் அம்மாவைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி ஈரத்துணியால் அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். ஒருமுறை துடைத்தால் போகும். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த இடம் சிவந்துபோகும்வரை தேய்த்தாள். அம்மா சத்தம் போடவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நான் மறந்துவிட்டேன், கையை மறக்கவில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு, செத்த அம்மாவின் நெற்றியை இன்னொருவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே துடைத்துவிட்டு என்னிடம் நீட்டுகிறான். சீ என்று இருந்தது.

அதோடு விட்டானா? "மேலதிகமா ஒரு வீடியோவும் செய்து வைச்சிருக்கிறன்" என்று போனைத் திருப்பிக் காட்டினான். படத்துக்குள் அம்மா கண்ணை மூடித் திறந்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். பிறகு வாயைத் திறந்து சிரித்தார். வரிசையாய், வெள்ளைவெளேரென்று பல். அம்மாவுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நீக்கல் உண்டு. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். பொத்தாமல் சிரித்த அந்தச் சாமான் அம்மா இல்லை. அம்மாவின் தோலைப் போர்த்திக்கொண்டு ஏதோ ஒன்று என்னைப் பார்த்து இளித்தது. நிப்பாட்டச் சொன்னேன். கூலியை மேசையில் வைத்துவிட்டு, படத்தில் ஒரு பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆஞ்சநேயர் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. கும்பிடவும் தோன்றவில்லை.

வீட்டில் சின்னம்மா இருந்தார். அம்மாவின் தங்கை. கொடிகாமத்தில் இருந்து வந்து, முப்பத்தோராம் நாள் முடியும்வரை என்னோடு நின்றார். அவரும் புருசனைச் சண்டைக் காலத்தில் இழந்தவர். நெற்றியில் திருநீறு மட்டும்தான். படத்தைக் கொடுத்தேன். தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"வடிவாத்தானே கிடக்கு" என்றார்.

"இது அம்மாவோ சின்னம்மா? சொல்லுங்கோ பாப்பம்."

"கொஞ்சம் வெள்ளையாக்கிப் போட்டான். எல்லாரும் உப்பிடித்தானே செய்யினம்."

"பொட்டை அழிச்சிட்டான். அவர் இருக்கிறாரோ எண்டு முதல்லையே கேட்டவன், எனக்குத்தான் விளங்கேல்லை."

சின்னம்மா படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். "அழிக்கத்தானே வேணும் பிள்ளை. கொப்பர் போய் எவ்வளவு காலம். பொட்டோடை போட்டால் சனம் கதைக்கும். செத்தவளுக்கு என்ன கோலம் எண்டு கேக்கும். முறையெண்டு ஒண்டு இருக்கெல்லே."

"படம் எடுக்கேக்கை அப்பா இருந்தவர்தானே?"

"இப்ப இல்லையே."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. சின்னம்மாவில் கோபித்து என்ன செய்ய? முறையாம். பொட்டு அழிப்பதும் முறை, வெள்ளை பூசுவதும் முறை, யாரோ ஒருத்தியின் உடம்பை ஒட்டுவதும் இப்போது முறையாகிவிட்டது. அச்சகத்தில் நாளைக்குள் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இந்த அருவிக்கரைப் பொம்மையைக் கொடுப்பது, இல்லாவிட்டால் அந்தக் கோப்பை நானே திறப்பது. வேறு வழி இல்லை.

அடுத்த நாள் விடிந்ததும் லப்டொப்புக்கு முன்னால் இருந்தேன். மாற்றித் தரும் கடைகளை விட்டுவிட்டு, அந்த வடிவம் எப்படிச் செய்யப்பட்டது என்று வாசித்தேன். விசயம் நான் பயந்த அளவுக்குச் சிக்கலானது இல்லை. அந்தக் காலத்தில் இடம் மிச்சம் பிடிக்கவேண்டும். ஆகவே படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தைத் தானே வைத்திருக்காது, ஒரு இலக்கத்தைத்தான் வைத்திருக்கும். இந்த இலக்கம் சிவப்பு, இந்த இலக்கம் பச்சை என்று சொல்லும் அட்டவணை கோப்பின் ஆகக் கடைசியில் இருக்கும். ஸ்ரூடியோக்காரன் பிடித்த இணையக் கடை அந்தக் கடைசிவரை போகவே இல்லை. இலக்கத்தை மட்டும் பார்த்து, கூடிய இலக்கம் வெளிச்சம், குறைந்த இலக்கம் இருட்டு என்று தன்பாட்டில் முடிவெடுத்திருக்கிறது. தேமலும் தூசியும் வந்தது அப்படித்தான். அம்மாவின் நிறம் அத்தனையும் கோப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒருவரும் கடைசி மட்டும் வாசிக்கவில்லை.

பழைய படங்களைத் திறக்கிற இலவச மென்பொருள் ஒன்றைத் தேடி இறக்கினேன். அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோப்பைக் காட்டினேன், திறந்தது.

அம்மா நின்றார். கிணற்றடியில், வாழைகளுக்கு முன்னால், மஞ்சள் கரை போட்ட பச்சை நூல்சேலையில். வெயிலில் காய்ந்த அதே கறுத்த முகம். ஒரு கை பாதி வழியில் நிற்கிறது, வாயைப் பொத்தத் தூக்கிய கை, படம் எடுத்தவர் முந்திக்கொண்டார். அதனால் பல் நீக்கல் தெரிந்தது. நெற்றியில் பெரிய, வட்டமான, குங்குமச் சிவப்புப் பொட்டு. அதன் ஓரம் வியர்வையில் கொஞ்சம் இறங்கியிருந்தது. படம் சின்னன், கிட்டப் போனால் கட்டம் கட்டமாய்ப் பிரிந்தது. இருந்தாலும் அம்மாதான். நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

முதல் வேலையாக அதை இந்தக் காலத்து வடிவத்துக்கு மாற்றினேன். அமுக்கிச் சுருக்குகிற வடிவம் வேண்டாம் என்று, ஒரு புள்ளியும் கெடாமல் வைத்திருக்கும் வடிவமாகப் பார்த்துச் சேமித்தேன். நிறம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அச்சகம் சின்னதாகத்தான் போடமுடியும் என்று சொன்னால் சின்னதாகப் போடட்டும்.

தேத்தண்ணியோடு வந்த சின்னம்மா பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சண்டைக்கு நான் ஆயத்தமாய் இருந்தேன். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒடுங்கிய முகம், ஊதாச் சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் அதே அளவில் இன்னொரு சிவப்புப் பொட்டு.

"உது நான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது.

"கலியாணம் முடிச்சு முதல் தேர்த் திருவிழா. அக்காதான் எனக்குத் தலை கட்டி, பொட்டும் வைச்சு விட்டவ. தன்ரையைப் போலப் பெரிசாய் வைச்சவ." ஒரு விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார், தொடவில்லை. "அந்த ஸ்ரூடியோக்காரன் என்னையும் அழிச்சவனோ?"

"உங்களை வெட்டியே எறிஞ்சிட்டான் சின்னம்மா."

சின்னம்மா கதிரையைத் திரைக்கு இன்னும் கிட்ட இழுத்தார். தேத்தண்ணி ஆறியது.

"என்ரை அவர் போன அண்டு என்ரை பொட்டை அழிச்சது கொம்மா, என்ரை அக்காதான். தாலி அறுத்தவையள்தானே அதைச் செய்யவேணும். ஆக்களெல்லாம் நிண்டு பாத்துக்கொண்டு நிக்கினம், அவ என்ன செய்வா? துணியை நனைச்சு மெல்ல ஒருக்காத் துடைச்சவ. துடைச்சுப்போட்டு உந்தக் கிணத்தடிக்குத்தான் போனவ. அங்கை நிண்டு சத்தி எடுத்தவ. எனக்குக் கேட்டது."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கண் படத்தைவிட்டு எடுபடவில்லை. அம்மாவுக்கும் குமட்டியிருக்கிறது. இவ்வளவு காலமும் அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"அக்காவைப் பொட்டோடையே குடு" என்றார் சின்னம்மா. "கேக்கிறவையை என்னட்டை விடு."

"ஓம்."

"என்னையும் தனிய எடுத்து வைக்கலாமோ?"

அம்மாவை ஒரு கோப்பாகவும் அவரை ஒரு கோப்பாகவும் வெட்டி வைத்தேன். வைத்த இடத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"நாளைக்கு என்ரை கல்வெட்டுக்குத் தேவைப்படேக்கை இது திறக்குமோ பிள்ளை?"

"திறக்கும் சின்னம்மா."

"அப்ப சரி. அவர் இருக்கிறாரோ எண்டு ஆரும் கேட்டால், ஓம் எண்டு சொல்லு."